ரீயூனியன் தீவுக்கு முதல் பயணம்: எரிமலை, மலைக்கிண்ணங்கள், கோயில்கள் – திட்டமிடுவது எப்படி?

மடகாஸ்கருக்குக் கிழக்கே, மொரீஷியஸுக்குப் பக்கத்தில் இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது ரீயூனியன். பிரான்ஸின் கடல்கடந்த மாவட்டம். பரப்பளவு சுமார் 2,500 சதுர கிலோமீட்டர்தான். வரைபடத்தைப் பார்த்தால் இரண்டு நாளில் காரில் சுற்றிவிடலாம் என்று தோன்றும். அந்தக் கணக்கோடு போனால் பாதித் தீவைத் தவறவிடுவீர்கள். இங்கே தூரத்தைவிட உயரம் முக்கியம், உயரத்தைவிட மேகம் முக்கியம். விடியும்போது மலைகள் துலக்கமாகத் தெரியும். பத்து மணிவாக்கில் மேகம் ஏறி மூடத் தொடங்கிவிடும். ஆகவே எத்தனை நாள் இருக்கிறீர்கள் என்று எண்ணாமல் எத்தனை காலைப்பொழுது கிடைக்கும் என்று எண்ணுங்கள். கீழே சொல்வதெல்லாம் இந்தக் கணக்கை வைத்துத்தான்.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

மே முதல் நவம்பர் வரை குளிர்ச்சியான, மழை குறைந்த காலம். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வெக்கை, மழை, புயல். மழை என்றால் லேசாக நினைக்க வேண்டாம். 1966 ஜனவரியில் எரிமலைச் சரிவில் உள்ள ஃபோக் ஃபோக் என்ற இடத்தில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் கொட்டியது. அது உலக சாதனை.

நடப்பதற்காக மட்டும் போகிறவர்களுக்கு இதில் குழப்பம் இல்லை. பண்பாட்டையும் பார்க்க நினைத்தால்தான் சிக்கல், ஏனென்றால் பெரிய விழாக்கள் பலவும் மழைக்காலத்தில் வருகின்றன. இங்கே அடிமைமுறை ஒழிந்தது 1848 டிசம்பர் 20 அன்று. ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் தீவெங்கும் மலோயா பாட்டும் ஆட்டமும் கேட்கும். அடிமைகளும் அவர்களுக்குப் பின் வந்த கூலித் தொழிலாளர்களும் கரும்புத் தோட்டங்களில் வளர்த்த இசை அது. கரும்புப் பூத்தண்டுகளை அடுக்கிக் கட்டி, உள்ளே விதைகளைப் போட்டுக் குலுக்கும் கயாம்ப் அதன் உயிர். 2009இல் யுனெஸ்கோ மலோயாவைத் தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. தீமிதி விழாக்கள் பல டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் வரும். தைப்பூசக் காவடியும் அந்த மழைக்காலத்தில்தான்.

முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது அக்டோபர் பிற்பகுதி முதல் நவம்பர் நடுப்பகுதி வரை. மலைப்பாதைகள் திறந்திருக்கும், தீவின் கிழக்கே சான் ஆந்த்ரே ஊரில் தீபாவளியும் பெரும்பாலும் அந்த வாரங்களை ஒட்டியே வரும். ஒரே ஒரு எச்சரிக்கை: அக்டோபரில் தீவைக் குறுக்கே கடக்கும் கிராண்ட் ரெய்டு மலையோட்டம் நடக்கும். அந்த நாட்களில் மலை விடுதிகளில் இடம் கிடைப்பது கடினம். திமிங்கிலம் பார்க்க ஆசையென்றால் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர்.

படி 2: தாள்களும் காரும்

பிரான்ஸின் பகுதிதான் என்றாலும், ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொது விசாவான ஷெங்கன் எல்லைக்குள் ரீயூனியன் இல்லை. கையில் ஷெங்கன் விசா இருக்கிறதே என்று டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். உங்கள் கடவுச்சீட்டுக்கு என்ன விதி என்று பிரெஞ்சுத் தூதரகத்தின் தளத்தில் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். நாணயம் யூரோ. பேச்சு பிரெஞ்சும், அதிலிருந்து பிறந்த கிரியோலும். ஆங்கிலத்தை நம்ப முடியாது. பேருந்துகள் கடற்கரை ஊர்களை நன்றாகவே இணைக்கின்றன, ஆனால் விடியற்காலை எரிமலைக்குப் போக வாடகைக் கார்தான் வழி. சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும்.

படி 3: தங்குமிடத்தை மூன்றாகப் பிரியுங்கள்

ஒரே விடுதியில் பெட்டியை வைத்துவிட்டுத் தினமும் போய் வருவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. கடற்கரையிலிருந்து மலைக்கு ஏறி முடிப்பதற்குள் மேகம் முந்திக்கொள்ளும். ஒன்பது இரவுகள் இருந்தால் நான் இப்படிப் பிரிப்பேன்: மலைக்கிண்ணங்களில் (தீவின் நடுவே மலை சூழ்ந்த பெரும் பள்ளங்கள்) மூன்று, எரிமலை ஏறும் வழியில் உள்ள மேட்டுநிலமான ப்ளேன் தே காஃப்ரில் மூன்று, கிழக்குக் கரையில் இரண்டு, கடைசியாக மேற்குக் கரையில் ஒன்று. மலை விடுதிகளை முதலில் பதிவு செய்யுங்கள். அப்புறம் மற்றதெல்லாம் தானாக அமையும்.

படி 4: எரிமலைக்கு இரண்டு காலைகள்

பித்தோன் தெ லா ஃபூர்னேஸ், 2,632 மீட்டர். உலகின் மிகச் சுறுசுறுப்பான எரிமலைகளில் ஒன்று. இதன் எரிமலைக் குழம்பு பெரும்பாலும் இளகி ஓடும் வகை என்பதால், வெடிக்கும்போது மக்கள் ஓடிப்போவதைவிடப் பார்க்க வருவதே அதிகம். இருந்தாலும் வெடிப்பு நெருங்கும் அறிகுறி தெரிந்தாலே உச்சியைச் சூழ்ந்த உள்வட்டத்துக்குப் போகும் பாதையை அரசு மூடிவிடும். மேகமும் மூடலாம். அதனால்தான் மூன்று இரவு, குறைந்தது இரண்டு காலை.

பூர் முரா கிராமத்தைத் தாண்டினால் சாலை ப்ளேன் தே சாபிள் என்ற மணல்வெளியில் இறங்கும். புல்லும் மரமும் சட்டென்று முடிந்து, சிவப்பும் கருப்புமாகச் சரளை மட்டும் விரிந்து கிடக்கும். அங்கே வண்டியை நிறுத்தி ஐந்து நிமிடமாவது சும்மா நில்லுங்கள். சாலை முடியும் இடம் பாஸ் தெ பெல்கோம்ப், 2,311 மீட்டர். அங்கிருந்து நூற்றுக்கணக்கான படிகள் இறங்கி, உறைந்த குழம்பின்மேல் தீட்டியிருக்கும் வெள்ளைக் குறிகளைப் பார்த்தபடி நடக்க வேண்டும். உச்சிக் குழியின் விளிம்புவரை போய்த் திரும்ப ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். 2007 ஏப்ரலில் அந்தக் குழியின் தரை 300 மீட்டருக்கு மேல் உள்ளே இறங்கியது. விளிம்பில் நின்றால் அந்த ஆழம் தெரியும். அவ்வளவு நடக்க முடியாதவர்கள் ஃபோர்மிகா லேயோ என்ற சிறு செங்கூம்புவரை போய் வரலாம். வெள்ளைக் குறியைவிட்டு விலகாதீர்கள், மேகம் இறங்கினால் திசையே தெரியாது. நிழலோ தண்ணீரோ வழியில் கிடையாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் அவசியம். ஜூலை, ஆகஸ்ட் விடியலில் உறைபனிகூட விழும், கம்பளிச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

நடைபாதை மூடியிருந்தால் பூர் முராவில் உள்ள எரிமலை அருங்காட்சியகம் நல்ல மாற்று.

படி 5: மலைக்கிண்ணங்களில் ஒன்றைப் போதுமென்று வையுங்கள்

தீவின் நடுவே உறங்கும் பழைய எரிமலை பித்தோன் தே நேஜ், சுமார் 3,070 மீட்டர். அதைச் சுற்றி மலை இடிந்தும் அரித்தும் உண்டான மூன்று பெரும் பள்ளங்கள்: சிலாவோஸ், சலாஸி, மஃபாத். இந்தச் சிகரங்களும் செங்குத்துச் சுவர்களும் 2010இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. மூன்றையும் ஓடி ஓடிப் பார்க்காதீர்கள்.

எனக்கு மனம் நிற்பது மஃபாத்தில். அங்கே சாலை கிடையாது. நடந்து போகலாம், இல்லையென்றால் ஹெலிகாப்டர். அடிமைகளாக இருந்தவர்கள் தோட்டங்களிலிருந்து தப்பி ஒளிந்து வாழ்ந்த இடம். பெயரே அப்படித் தப்பி வந்த ஒருவருடையது. சலாஸி பக்கத்துக் கணவாய் வழியாக லா நூவெல் கிராமத்துக்குச் சுமார் இரண்டு மணி நேர நடை. ஓர் இரவு தங்கி வாருங்கள். நடக்க முடியாதவர்களுக்குச் சிலாவோஸ்: 400க்கு மேற்பட்ட வளைவுகள் கொண்ட சாலை, வெந்நீர் ஊற்று, அந்த ஊர்ப் பருப்பு. பகலில் மட்டும் ஓட்டுங்கள்.

படி 6: கிழக்குக் கரையில் மெதுவாக

சான்த் ரோஸ் பக்கம் 1977இல் ஊருக்குள் வந்த குழம்பு, வீடுகளை அழித்துவிட்டு ஒரு தேவாலயத்தின் வாசலோடு நின்றது. அந்தக் கருங்குழம்பை இன்றும் சுவரோரம் தொட்டுப் பார்க்கலாம். அதற்குத் தெற்கே நெடுஞ்சாலை, கடல்வரை ஓடி உறைந்த பழைய குழம்புகளின்மேலேயே போகிறது.

சான் ஆந்த்ரே பக்கம் வந்தால் கோபுரங்கள் தெரியும். 19ஆம் நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலிகளாகப் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாக வந்த தமிழர்களின் வழித்தோன்றல்கள் இங்கே வாழ்கிறார்கள். தீவில் இவர்களை மலபார் என்பார்கள். பெரும்பாலோருக்குத் தமிழ் பேச வராது, ஆனால் சாமி பெயர்கள் இருக்கின்றன, தீமிதி இருக்கிறது, சமையலில் மசாலே என்ற பெயரில் மசாலாவும் முருங் என்ற பெயரில் முருங்கைக்கீரையும் இருக்கின்றன. தமிழ் தெரியாதா என்று யாரையும் கேட்டுச் சங்கடப்படுத்தாதீர்கள். ஒப்பந்தக் காலத்தின் அடக்குமுறைக்கு நடுவே இவ்வளவையும் காப்பாற்றியவர்கள் அவர்கள். கோயிலுக்குப் போகும் நாளில் அசைவம் தவிர்த்து, வாசலில் அனுமதி கேட்டு உள்ளே போங்கள். படம் எடுப்பதற்கும் கேளுங்கள். விழா நாட்களையும் அங்கேயே விசாரிப்பதுதான் நம்பகமானது.

படி 7: கடலில் எங்கே இறங்கலாம்?

சுறாத் தாக்குதல்களுக்குப் பிறகு 2013 முதல், பவளத்திட்டு அரணுக்குள் இருக்கும் ஆழமற்ற நீரிலும் காவல் உள்ள இடங்களிலும் மட்டுமே குளிக்க அனுமதி. மேற்கே லெர்மித்தாஜ் கடற்கரை அப்படிப்பட்டது. அலை எவ்வளவு அழகாக இருந்தாலும் வேறு இடத்தில் இறங்க வேண்டாம். பவளத்தை மிதிக்காமல் மிதந்து பாருங்கள், அதுவும் காலையில். வெயில் ஏறியதும் ஈரத்துணியைக் காயவைத்துப் பெட்டி கட்டினால், மாலை விமானத்துக்குச் சரியாக இருக்கும்.