சத்தமில்லாமல் எலக்ட்ரிக் கிட்டார் பதிவு: கேபினட் ஐஆர் வழி

சேலம் அம்மாப்பேட்டையில் சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டில் ராத்திரி ஆம்ப்பைத் திறந்து வாசிக்க முடியாது. மைக் வைத்தால் பக்கத்துத் தறிச் சத்தமும் ஏறும். இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ், சுருக்கமாக ஐஆர், இரண்டுக்கும் தீர்வு. ஸ்பீக்கர் கேபினட், அதன்முன் வைத்த மைக் இரண்டின் ஒலித்தன்மையையும் அடக்கிய சின்ன வேவ் ஃபைல் அது.

கிட்டாரை ஆடியோ இன்டர்ஃபேஸில், அதாவது கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் பெட்டியில், இன்ஸ்ட்ருமென்ட் இன்புட்டில் செருகுங்கள். லைன் இன்புட்டில் போட்டால் ட்ரெபிள் செத்துவிடும். கணினியின் பதிவு மென்பொருளில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், பஃபர் 128 சாம்பிள் என்று வையுங்கள். பலமாக அடிக்கும்போது மீட்டர் மைனஸ் 12 டெசிபல் அருகில் நின்றால் போதும்.

ட்ராக்கில் முதலில் ஆம்ப் ப்ளக்இன், அதாவது ஆம்ப்பின் வேலையைச் செய்யும் துணை மென்பொருள்; நியூரல் ஆம்ப் மாடலர் இலவசம். அதற்குப் பிறகே ஐஆர் ஃபைலை ஏற்றும் ஐஆர் லோடர். ஆம்ப் ப்ளக்இன்னுக்குள் இருக்கும் கேபினட்டை மறக்காமல் அணையுங்கள். இரண்டு கேபினட் சேர்ந்தால் போர்வைக்குள் வாசித்த மாதிரி கேட்கும். ஐஆரே இல்லையென்றால் டிஸ்டார்ஷன் காதைக் கீறும்.

டோன் பிடிக்கவில்லையா? ஈக்யூவை (பேஸ், ட்ரெபிள் கூட்டிக் குறைப்பது) தொடுமுன் ஐஆரை மாற்றுங்கள். ஸ்பீக்கர் கோனின் நடுவில் மைக் வைத்து எடுத்தது கூர்மையாகவும், ஓரத்தில் எடுத்தது மென்மையாகவும் இருக்கும். இரண்டைக் கலக்கும்போது ஒலி மெலிந்தால் ஒன்றின் போலாரிட்டியைத் திருப்புங்கள், அதாவது அதன் அலையைத் தலைகீழாக்குங்கள். பிறகு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 7 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் வெட்டினால் பெரும்பாலும் போதும்.

சிங்கிள் காயில் பிக்கப், தறி மோட்டாரின் இரைச்சலையும் வாங்கும். உட்காரும் திசையை மாற்றிப் பாருங்கள்.

வால்வ் ஆம்ப் வைத்திருப்பவர்கள் கவனம்: ஸ்பீக்கரைக் கழற்றினால், அதன் இடத்தில் சுமையாக நிற்கும், ஓம் பொருந்தும் லோட் பாக்ஸ் கட்டாயம். லோட் இல்லாமல் ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரியக்கூடும்.