கால் ரத்தக்கட்டி கரைந்த பிறகும் செய்யும் தவறுகள்

காலின் ஆழ்சிரையில், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் உள் ரத்தக்குழாயில், ரத்தம் உறைந்து, ஊசி போட்டு, சில மாதம் மாத்திரையும் சாப்பிட்டு முடித்தால் வியாதி போய்விட்டது என்றே பலரும் நினைக்கிறோம். என் அத்தையும் அப்படித்தான் நினைத்தார். ஒரு வருடம் கழித்து, பொழுது சாய்ந்தால் அந்த ஒரு கால் மட்டும் கனத்து வீங்கியது. கணுக்காலின் உள்பக்கம் தோல் கறுத்து அரித்தது. வயசாகிவிட்டது என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். காரணம் வயது இல்லை.

சிரைக்குள் ரத்தத்தை மேல்நோக்கி மட்டும் போகவிடும் சின்ன வால்வுகள் உண்டு. உறைந்த கட்டி அவற்றைத் தழும்பாக்கிவிடுகிறது. சிலருக்குப் பாதையும் முழுதாகத் திறப்பதில்லை. நிற்கும்போது ரத்தம் கீழே தேங்கி, அழுத்தம் கூடி, நீர் வெளியே கசிகிறது. தொடை, இடுப்புச் சிரைகளில் கட்டி வந்தவர்களில் ஐந்தில் ஒருவர் முதல் இரண்டில் ஒருவர் வரை, இரண்டு ஆண்டுகளுக்குள் இந்தத் தொல்லையைச் சந்திக்கிறார்கள். சிலருக்கு அது ஆறாத புண்ணாகவும் முடிகிறது.

மாத்திரை விஷயத்தில் நடக்கும் தவறுகள்தான் மிக அதிகம். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரை கட்டியை நேரடியாகக் கரைப்பதில்லை. கட்டி வளராமல் பிடித்து வைக்கிறது. கரைப்பது உடம்பின் வேலை. இந்த வகை மாத்திரையான வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) பொதுவாக 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்க வேண்டும். முதல் மூன்று மாதத்தில் அது அடிக்கடி 2-க்குக் கீழே போனால் பின்னாளில் கால் கெடும் வாய்ப்பு கூடுகிறது. வீக்கம் வடிந்ததும் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது அதனால்தான் ஆபத்து. வார்ஃபரினுக்காகக் கீரையை அடியோடு விட வேண்டியதில்லை. ஒரு வாரம் தினமும் கீரை, மறுவாரம் துளியும் இல்லை என்று மாற்றி மாற்றிச் சாப்பிடுவதுதான் கெடுதல். இதே வேலைக்குத் தரும் இன்னொரு மருந்தான ரிவராக்சபான் 15, 20 மில்லிகிராம் மாத்திரைகளைச் சாப்பாட்டோடு போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் மருந்து சரியாக உடம்பில் சேராது. விரதம் இருப்பவர்கள் இதை முன்கூட்டியே டாக்டரிடம் பேசிவிடுங்கள். மூட்டுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவை இந்த மருந்துகளோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு வரலாம்.

எப்போது நிறுத்துவது என்பதை நாமாக முடிவு செய்யக் கூடாது. அறுவை சிகிச்சை, எலும்பு முறிவு போன்ற காரணத்தால் வந்த கட்டிக்குப் பெரும்பாலும் மூன்று மாதம் போதும். காரணமே தெரியாமல் வந்ததென்றால், மருந்தை நிறுத்திய முதல் ஆண்டிலேயே சுமார் பத்தில் ஒருவருக்குத் திரும்ப வருகிறது. அதே காலில் மறுபடி வந்தால் நிரந்தரப் பாதிப்புக்கான வாய்ப்பு பல மடங்கு ஏறிவிடும்.

அடுத்தது, காலை அசைக்காமல் படுத்தே கிடப்பது. மருந்து தொடங்கி டாக்டர் அனுமதித்ததும் நடக்க வேண்டும். கெண்டைச்சதை சுருங்கும்போதுதான் தேங்கிய ரத்தம் மேலே ஏறுகிறது. ஆனால் கட்டி புதிதாக இருக்கும் நாட்களில் காலை நீவிவிடுவது, உருவுவது கூடவே கூடாது. கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போய்விடலாம்.

மணிக்கணக்கில் நிற்பதும் கெடுதல்தான். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத்திருத்தம் வந்துவிட்டது; கூச்சப்படாமல் கேளுங்கள். நின்றே ஆக வேண்டுமானால் அவ்வப்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். வீடு திரும்பியதும் கால் நெஞ்சுக்கு மேலே இருக்கும்படி கொஞ்ச நேரம் படுத்திருங்கள்.

இறுக்கமான ஸ்டாக்கிங்ஸ் போட்டால் எதிர்காலப் பாதிப்பு வராது என்பது உறுதியில்லை. 2014-ல் வெளியான, 800-க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற கனடா–அமெரிக்க ஆய்வில், நிஜ ஸ்டாக்கிங்ஸும் அழுத்தம் தராத போலி ஸ்டாக்கிங்ஸும் ஏறக்குறைய ஒரே பலனைத்தான் தந்தன. அதற்காகத் தூக்கி எறிய வேண்டாம். வீக்கமும் கனமும் உள்ள பலருக்கு அது நல்ல நிவாரணம். காலை அளந்து வாங்கி, கால் வீங்குவதற்கு முன் காலையிலேயே போட வேண்டும். மேல் விளிம்பைச் சுருட்டிவிட்டால் அதுவே கயிறு கட்டியதுபோல் ரத்தத்தைத் தடுக்கும். சர்க்கரை நோயாளிகளும் புகைப்பவர்களும் காலின் தமனியில் (இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவரும் குழாயில்) ரத்தம் நன்றாக ஓடுகிறதா என்று பார்த்த பிறகே போட வேண்டும்.

பெண்களுக்கு முக்கியமான ஒன்று. கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மாதவிலக்கைத் தள்ளிப்போட விழுங்கும் நோர்எதிஸ்டிரோன் மாத்திரை, ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை, இரண்டுமே ரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டும். ஒருமுறை கட்டி வந்தவர்கள் தோழி சொன்னார் என்று வாங்கிப் போடக் கூடாது. வார்ஃபரின் எடுக்கும்போது கர்ப்பமானால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். கருவுக்கு அது ஆகாது.

பழைய வீக்கம் பெரும்பாலும் மாலையில் ஏறி, படுத்து எழுந்தால் குறையும். திடீரென்று வலியோடு ஏறி, விடிந்தும் வடியாத வீக்கத்துக்கு சிரையில் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் உடனே தேவை. நெஞ்சுவலி, திடீர் மூச்சுத்திணறல், இருமலில் ரத்தம் என்றால் ஒரு நிமிடமும் வீட்டில் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். நுரையீரலில் கட்டி வந்தவர்களுக்கு மூன்று மாதம் மருந்து எடுத்தும் படியேறினால் இரைக்கிறது என்றால், பழைய கட்டி அங்கேயே தழும்பாகி அடைத்திருக்கலாம். எக்கோ என்னும் இதய ஸ்கேனும் நுரையீரல் ஸ்கேனும் எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். தகுந்த நிலையில் கண்டுபிடித்தால் பலருக்கு அந்த அடைப்பை அறுவை சிகிச்சையால் அகற்றிவிட முடிகிறது.