அமெரிக்க வெள்ளி நினைவு டாலர்: எது விலை போகும் என்று கண்டுபிடிப்பது எப்படி?

லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸை முன்னிட்டு 1983-ல் அமெரிக்க நாணயச்சாலை ஒரு வெள்ளி டாலரை வெளியிட்டது. இன்றைய நினைவு டாலர் வரிசை அதிலிருந்துதான் தொடங்குகிறது. கடையில் கொடுத்துச் சில்லறை வாங்க யாரும் இதை எடுத்துப் போவதில்லை. சேகரிப்பவர்களுக்காகவே அடிக்கப்படும் காசு. 'பழைய காசு, வெள்ளிக் காசு, நல்ல விலை போகும்' என்று புதிதாக வருபவர்கள் நம்பிவிடுகிறார்கள். பெரும்பாலானவை அப்படிப் போவதில்லை. கையில் ஒன்று இருந்தால் இப்படிப் பாருங்கள்.

படி 1: முதலில் வெள்ளிக் கணக்கு

எடை 26.73 கிராம். பழைய டாலர்களில் 90 சதவீதம் வெள்ளி, அதாவது சுமார் 24 கிராம். அண்மை ஆண்டுகளில் வந்தவை 99.9 சதவீதம். இந்த வெள்ளி எடையை, விற்கும் நாளில் உள்ள கிராம் விலையால் பெருக்கினால் வருவதுதான் அடிமட்ட விலை. அதற்கு மேல் எவ்வளவு கிடைக்கும் என்பதே இனி நம் கேள்வி.

படி 2: வருடம், மின்ட் மார்க், ஃபினிஷ்

மின்ட் மார்க் என்பது எந்த நாணயச்சாலையில் அடித்தது என்று காட்டும் எழுத்து. காசில் பி (பிலடெல்பியா), டி (டென்வர்), எஸ் (சான் பிரான்சிஸ்கோ), டபிள்யூ (வெஸ்ட் பாயிண்ட்) ஆகியவற்றில் ஓர் எழுத்து இருக்கும். காசுக்குக் காசு அதன் இடம் மாறும். லென்ஸ் வைத்துத் தேடுங்கள். அடுத்து ஃபினிஷ், அதாவது காசின் மேற்பரப்பு எப்படித் தெரிகிறது என்பது. பின்னணி கண்ணாடி மாதிரி பளபளத்து, உருவம் மட்டும் பனி படிந்ததுபோல் இருந்தால் அது ப்ரூஃப். ஒரே மாதிரி மென்மையான மினுமினுப்பு என்றால் அன்சர்குலேட்டட். ஒரே வடிவமைப்பு இரண்டு ஃபினிஷிலும் வரும், விலையோ வேறு வேறு. அதனால் இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

படி 3: எத்தனை விற்றன?

விஷயமே இங்கேதான் இருக்கிறது. 1986-ல் வந்த சுதந்திர தேவி சிலை டாலரில் ப்ரூஃப் மட்டும் 64 லட்சத்துக்கு மேல் விற்றது. அழகான காசுதான், ஆனால் யாரிடம் கேட்டாலும் ஒன்று இருக்கும். வெள்ளி விலையைத் தாண்டிப் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

இனி அட்லாண்டா ஒலிம்பிக்ஸுக்கு வாருங்கள். 1995, 1996 இரண்டே ஆண்டுகளில் எட்டு டாலர் வடிவமைப்புகள், ஒவ்வொன்றும் இரண்டு ஃபினிஷில். போதாதென்று அரை டாலர்கள், தங்கக் காசுகள், வேறு நினைவுத் திட்டங்களும் சேர்ந்து வந்தன. எல்லாவற்றையும் வாங்கி எவருக்குக் கட்டுப்படியாகும்? சேகரிப்பாளர்கள் சலித்துப்போனார்கள். வாங்கியவர்களும் பளபளப்பான ப்ரூஃபையே எடுத்தார்கள். விளைவு: 1996 பாராலிம்பிக் டாலரில் ப்ரூஃப் 84,000-க்கு மேல் விற்க, டென்வரில் அடித்த அன்சர்குலேட்டட் விற்றது வெறும் 14,497. உயரம் தாண்டுதல் டாலரில் அதே ஃபினிஷ் 15,697. அன்று யாரும் சீண்டாத இவைதான் இன்று வரிசையை முழுமையாக்க நினைப்பவர்கள் தேடும் காசுகள். ப்ரூஃப்தான் எப்போதும் உசத்தி என்று யாராவது சொன்னால் இந்த எண்களைக் காட்டுங்கள்.

இந்தக் கூத்துக்குப் பிறகு, ஆண்டுக்கு இரண்டு நினைவுத் திட்டங்கள் மட்டும் என்று சட்டமே வந்தது.

ஒன்று கவனியுங்கள்: விளம்பரத்தில் வரும் 'அதிகபட்சம் இத்தனை' என்பது சட்டம் அனுமதித்த உச்ச வரம்பு. நமக்கு வேண்டியது உண்மையில் விற்ற எண்ணிக்கை.

படி 4: விரும்புகிறவர்கள் இருக்கிறார்களா?

2001 எருமை டாலர் 5 லட்சம் அடிக்கப்பட்டது. அபூர்வம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் சில வாரங்களிலேயே தீர்ந்து, விலையும் ஏறியது. காரணம், 1913-ல் வந்த ஐந்து சென்ட் காசுக்குச் சிற்பி ஜேம்ஸ் ஏர்ல் ஃப்ரேசர் செய்த அந்தப் பழைய வடிவமைப்பு. இந்தத் தொடரைச் சேர்க்காதவர்கள்கூட இதை மட்டும் வாங்குகிறார்கள்.

படி 5: காசின் நிலை

தரத்தை 70 வரை மதிப்பெண் போட்டு அளக்கிறார்கள். புதுக் காசுகளுக்கு 69 சாதாரணமாகவே கிடைக்கும். 69-க்கும் 70-க்கும் உள்ள வித்தியாசம் வெறுங்கண்ணுக்குத் தெரியாது, விலையில் மட்டும் நன்றாகத் தெரியும். என்னைக் கேட்டால், தொடக்கத்தில் இந்த 70 மோகம் வேண்டாம். சாதாரண காசை கிரேடிங்குக்கு (தரத்துக்கு மதிப்பெண் போடும் நிறுவனத்துக்கு) அனுப்பினால் கட்டணமே காசின் விலையைத் தாண்டிவிடலாம்.

கறுத்திருந்தாலும் துடைக்காதீர்கள், பாலிஷ் போடவே கூடாது. பெட்டி, கேப்சூல் (காசை மூடியிருக்கும் பிளாஸ்டிக் கூடு), சான்றிதழ் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். பிவிசி கலந்த பிளாஸ்டிக் உறைகள் காசில் பச்சைப் பிசுக்கை ஏற்றிவிடும், அவற்றைத் தவிருங்கள்.

படி 6: விலை பார்ப்பது

ஈபே இணையச் சந்தையில் விற்பவர் கேட்கும் தொகையைப் பார்க்காமல், விற்று முடிந்தவற்றை வடிகட்டிப் பாருங்கள். வருடம், மின்ட் மார்க், ஃபினிஷ் மூன்றும் ஒத்துப்போகும் நாலைந்து விற்பனைகளை எடுத்தாலே ஓரளவு விலை பிடிபட்டுவிடும்.