அடுத்து வருபவர் தடுமாறாமல் இருக்க: ஃபெட்ச்மெயில் அங்கீகாரக் குறிப்பு எழுதும் முறை

ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஏற்றுமதி அலுவலகத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். வெளிநாட்டிலிருந்து வரும் ஆர்டர் மின்னஞ்சல்களைச் சேவையகத்திலிருந்து ஃபெட்ச்மெயில் என்ற நிரல்தான் எடுத்து வருகிறது. எனக்கு முன் இருந்தவர் விட்டுச் சென்ற குறிப்பு ஒரே வரி: "ஆத் பாஸ்வேர்டு". அந்த ஒரு வரியால் ஓர் இரவு சத்துவாச்சாரிக்குத் திரும்பும் பஸ்ஸைத் தவறவிட்டேன். மறுநாளே குறிப்பைப் புதிதாக எழுதத் தொடங்கினேன்.

கடவுச்சொல் எங்கே இருக்கிறது, யார் கண்ணில் படும் என்பதை முதலில் எழுதுங்கள். ஃபெட்ச்மெயிலில் கட்டளை வரியிலேயே கடவுச்சொல்லைத் தரும் தேர்வு கிடையாது. அதை அமைப்புக் கோப்பில் வைக்கலாம். இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்யலாம். கோப்பில் வைத்தால் அனுமதி 600 (உரிமையாளர் மட்டுமே படிக்கவும் எழுதவும் முடியும்) என்று எண்ணோடு குறிப்பிடுங்கள். பிறர் படிக்கும்படி கோப்பு திறந்து கிடந்தால் ஃபெட்ச்மெயில் ஓடவே மறுக்கும்.

அடுத்தது "ஆத்" தேர்வு, அதாவது எந்த முறையில் அங்கீகாரம் பெறுவது என்பது. இந்த முறைகளைப் பட்டியலிட அகரவரிசை உதவாது. ஃபெட்ச்மெயில் அவற்றை முயலும் வரிசையில் எழுதுங்கள். எதுவும் குறிப்பிடாவிட்டால் "எனி" (எதுவானாலும்) என்று பொருள். கடவுச்சொல்லே தேவைப்படாத கெர்பெரோஸ் போன்ற முறைகளை முதலில் முயலும். பிறகு கடவுச்சொல்லை மறைத்து அனுப்பும் கிராம்-எம்டி5 போன்றவை. எதற்கும் சேவையகம் இணங்காதபோதுதான் கடவுச்சொல் அப்படியே போகும். அதனால் 993, 995 என்ற இணைப்பு எண்களில் (போர்ட்) குறியாக்கத்தோடு இணைவதை இதே பத்தியில் வற்புறுத்துங்கள். தனி அத்தியாயத்தில் வைத்தால் யாரும் புரட்ட மாட்டார்கள். "எஸ்எஸ்எச்" என்ற மதிப்புக்குக் கட்டாயம் ஒரு விளக்கம் வேண்டும். அது ஃபெட்ச்மெயிலை அடையாளம் காட்டாமல் இருக்கச் சொல்கிறது. ஏற்கெனவே உறுதிசெய்யப்பட்ட இணைப்புக்கு மட்டுமே பொருந்தும்.

ஜிமெயில் கணக்கென்றால் வழக்கமான கடவுச்சொல் செல்லாது. இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்துச் செயலிக் கடவுச்சொல்லை உருவாக்க வேண்டும். அது நான்கு நான்கு எழுத்துகளாக இடைவெளியோடு காட்டப்படும். எங்கள் கணக்குப் பிரிவுத் தம்பி அதை அப்படியே, மேற்கோள் குறியும் இல்லாமல் கோப்பில் ஒட்டிவிட்டு அரை நாள் தவித்தார். இடைவெளியை நீக்கச் சொல்லும் அந்த ஒரு வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள்.

சோதித்துப் பார்க்கும் கட்டளையில் "கீப்" தேர்வைச் சேர்த்தே எழுதுங்கள். இல்லாவிட்டால் எடுத்த அஞ்சல்கள் சேவையகத்திலிருந்து அழிந்துவிடும். ஃபெட்ச்மெயில் ஓடி முடிந்ததும் தரும் முடிவு எண்களையும் பக்கத்தில் குறியுங்கள்: 3 என்றால் அங்கீகாரம் தோல்வி, 1 என்றால் எடுக்க அஞ்சல் இல்லை, அவ்வளவுதான்.