நீலகிரியில் முதல் பைக்: இறக்கத்தை மனதில் வைத்து வாங்குங்கள்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குச் சுமார் 1,500 மீட்டர் ஏற வேண்டும். இதை நினைத்துத்தான் பலரும் 'நல்லா இழுக்கிற வண்டி'யைத் தேடுகிறார்கள். ஏற்றத்தில் வண்டி திணறினால் கியரைக் குறைத்து மெதுவாகப் போய்ச் சேரலாம். அதே 1,500 மீட்டரை மழையில், பின்னால் ஒருவரை உட்கார வைத்து இறங்கும்போது பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனால் மாற்று வழி கிடையாது. அதனால் முதல் வண்டியை இறக்கத்துக்காகப் பார்த்து வாங்குங்கள்.

சீட்டில் உட்கார்ந்ததும் இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பதிய வேண்டும். ஷோரூம் தரை சமதளம். நம் ஊர்ச் சாலை ஓரத்தில் ஒரு பக்கம் சரிந்திருக்கும். அந்தப் பக்கம் ஊன்றும் காலுக்கு இன்னும் நாலைந்து சென்டிமீட்டர் எட்ட வேண்டும். ஐந்தரை அடி உயரம் உள்ளவருக்கு 780 முதல் 800 மில்லிமீட்டர் சீட் உயரம் சரியாக வரும். எடை 110 முதல் 150 கிலோவுக்குள் இருக்கட்டும். கிளாசிக் 350 போன்ற வண்டி 195 கிலோ. கொண்டை ஊசி வளைவில் பாதியில் எஞ்சின் அணைந்து சாய ஆரம்பித்தால் புதிதாக ஓட்டுபவரால் தாங்கிப் பிடிக்க முடியாது. வாங்கும் முன் ஒரு சோதனை: லேசான சரிவில் மூக்கு கீழே பார்க்க நிறுத்தி, சீட்டில் உட்கார்ந்தபடியே வண்டியைப் பின்னுக்குத் தள்ளுங்கள். முடியவில்லை என்றால் அது உங்களுக்கான முதல் வண்டி அல்ல.

எஞ்சின் விஷயத்தில் ரொம்பக் குழம்ப வேண்டாம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடலோர ஊர்களைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எஞ்சின் சக்தியும் கிட்டத்தட்ட அதே அளவு குறையும். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் அதற்கேற்ப பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும், ஆனால் இல்லாத காற்றை அதனால் தர முடியாது. கீழே 8 குதிரைத்திறன் தரும் 100 சிசி வண்டி மேலே ஆறரைதான் தரும். தனியாகப் போக 125 சிசி தாராளம். தினமும் இரண்டு பேர் போவதென்றால் 150, 160 சிசி பாருங்கள்.

இனி பிரேக். இங்கே பணம் மிச்சம் பிடிக்காதீர்கள். டிரம் பிரேக்கைத் தொடர்ந்து அழுத்தியபடி இறங்கினால் டிரம்முக்குள் உரசும் பிரேக் ஷூ சூடாகிப் பிடிமானம் குறையும். டிரம்மும் விரிந்து ஷூவிலிருந்து விலகும். லிவர் வழக்கத்தைவிட உள்ளே போவது அதற்கான முதல் எச்சரிக்கை. ஆகவே முன்சக்கரத்தில் டிஸ்க் கட்டாயம் வேண்டும். டிஸ்க்குக்கும் ஒரு பலவீனம் உண்டு: பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய ஆயில் சூட்டில் சீக்கிரம் கொதித்து, லிவர் பஞ்சு மாதிரி ஆகிவிடும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கட்டாயம். அதற்கு முந்தைய பழைய 150 சிசி வண்டிகள் பலவற்றில் அது கிடையாது, கேட்டுப் பாருங்கள். சிங்கிள் சேனல் என்றால் முன்சக்கரத்துக்கு மட்டும்தான் காப்பு; பாசி பிடித்த வளைவில் பின்பிரேக்கை ஓங்கி மிதித்தால் பின்சக்கரம் இழுத்துக்கொண்டு போகும்.

எந்த பிரேக்காக இருந்தாலும் பாதி வேலையை எஞ்சின்தான் செய்ய வேண்டும். ஒரு மேட்டை எந்த கியரில் ஏறுவோமோ அதே கியரில் இறங்குங்கள். கிளட்ச்சைப் பிடித்தபடியோ நியூட்ரலிலோ இறங்கவே கூடாது. ஸ்கூட்டரில் இந்த உதவி மிகக் குறைவு, வேகம் குறைந்ததும் கிளட்ச் தானாக விட்டுவிடும். டவுனுக்குள் ஓட்ட ஸ்கூட்டர் போதும், காட் ரோட்டில் அடிக்கடி இறங்குபவருக்கு கியர் வண்டிதான் எங்கள் பரிந்துரை. 36 கொண்டை ஊசி வளைவு உள்ள கல்லட்டி இறக்கத்தை எந்த வண்டியானாலும் நன்றாகப் பழகும்வரை தள்ளிவையுங்கள்.

டெஸ்ட் டிரைவை மேட்டில்தான் கேட்க வேண்டும். ஏற்றத்தில் நிறுத்தி, வலது காலால் பின்பிரேக்கை மிதித்து, இடது காலை ஊன்றுங்கள். முதல் கியர் போட்டு, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் திருகி, எஞ்சின் சத்தம் இறங்கும்வரை கிளட்ச்சை மெதுவாக விடுங்கள். வண்டி முன்னுக்கு இழுப்பது தெரிந்த பிறகே பிரேக்கை விட வேண்டும். முன்னதாக விட்டால் பின்னால் உருளும், கிளட்ச்சைச் சட்டென்று விட்டால் அணைந்துவிடும்.

மலையில் ஓடிய பழைய வண்டி என்றால் முதலில் தேய்ந்திருப்பது கிளட்ச் பிளேட். மூன்றாவது கியரில் மேடு ஏறும்போது முழுதாக முறுக்குங்கள். சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் பிளேட் போயிற்று. முன் ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு, சைலன்சர் அடியில் துரு, ஹேண்டிலைத் திருப்பும்போது நடுவில் சிக்குவது, இவற்றையும் பாருங்கள். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஐந்து ஆண்டு தாண்டிய டயர் பட்டன் தேயாமல் இருந்தாலும் ரப்பர் இறுகி ஈரத்தில் வழுக்கும். புது டயர் விலையைக் கழித்துப் பேசுங்கள்.

ஆர்.சி.யில் உள்ள எஞ்சின், சேஸிஸ் எண்களை வண்டியோடு ஒப்பிடுங்கள். பெயர் மாற்ற 29, 30ஆம் படிவங்கள் வேண்டும். கடன் இருந்தால் 35ஆம் படிவமும் வேண்டும். வண்டியைப் பார்க்கக் காலை ஏழு மணிக்கே போங்கள், வருவதற்குள் ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எஞ்சினைத் தொட்டால் சில்லென்று இருக்க வேண்டும். அந்தக் குளிரில் செல்ஃப் எத்தனை தடவைக்குப் பிடிக்கிறது என்று எண்ணுங்கள்.