ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு வகுப்பில் ஒரு தோழன்

வகுப்பு முழுவதோடும் பழக வைக்க முயலாதீர்கள், ஒருவர் போதும். பிள்ளைக்குப் பிடித்ததே பிடிக்கிற, நிதானமான பிள்ளை யாரென்று ஆசிரியரிடம் கேளுங்கள்.

முதலில் வீட்டுக்கு அழையுங்கள், அரை மணி நேரம் மட்டும். பரமபதம் நல்ல தேர்வு: தாயக்கட்டை யார் கையிலோ அவர் முறை, குழப்பமே இல்லை. முந்தைய நாளே ஆடிப் பழக்குங்கள், தோற்பதையும் சேர்த்து. நன்றாகப் போகும்போதே முடித்துவிடுங்கள். களைத்த பிறகும் நீட்டினால் அழுகையில்தான் முடியும். வந்த பிள்ளைக்கு அதுதான் நினைவில் நிற்கும்.

பள்ளியில் மிகக் கடினமானது சாப்பாட்டு இடைவேளை: இரைச்சல் அதிகம், ஒழுங்கு கிடையாது. அமைதியான மூலையில் இருவருக்கு இடமும் அதே பரமபத அட்டையும் கேட்டு வாங்குங்கள். "நானும் வரட்டா?" என்பதை வீட்டில் நடித்துப் பழக்குங்கள். கண்ணைப் பார்த்துப் பேசச் சொல்லி வற்புறுத்த வேண்டவே வேண்டாம். தோழனிடம் "இவனைப் பார்த்துக்கோ" என்றும் சொல்லாதீர்கள். விளையாட்டு வேலையாகிவிட்டால் அவன் மெல்ல விலகிவிடுவான்.