தீக்காயம் ஆறியபின் கை கோணாமல் இருக்க: ஸ்ப்ளிண்ட், பயிற்சி, தழும்புப் பராமரிப்பு

பாரஃபின் (மண்ணெண்ணெய்) அடுப்பு கவிழ்ந்திருக்கலாம், குழந்தை கெட்டில் வயரை இழுத்திருக்கலாம், தீபாவளிப் பலகாரத்துக்கு வைத்த எண்ணெய் சிந்தியிருக்கலாம். எப்படி வெந்தாலும், ஆழமாக வெந்த தோல் ஆறும்போது சுருங்கும். அது மூட்டின் மேல் இருந்தால் மூட்டையும் சேர்த்து இழுக்கும். நோயாளிக்கு எந்த நிலை சுகமோ அந்த நிலையிலேயே மூட்டு இறுகும் என்பதுதான் சிக்கல்.

அதனால் கழுத்தின் முன்பக்கம் வெந்திருந்தால் தலையணை கூடாது. அக்குள் என்றால் கையை உடம்பிலிருந்து 90 டிகிரி விலக்கி, சற்றே முன்னால் கொண்டுவந்து தாங்குங்கள். பின்னால் தள்ளினால் நரம்பு இழுபடும். முழங்கை, முழங்கால் நீட்டியபடி, பாதம் காலுக்கு 90 டிகிரியில். முழங்காலுக்கு அடியில் பாசத்தோடு தலையணை வைக்கும் பாட்டிமார் எல்லா வீட்டிலும் உண்டு. பக்குவமாகச் சொல்லி எடுத்துவிடுங்கள்.

அதிகம் கெட்டுப்போவது கைதான். புறங்கை வெந்தால் வீக்கம் மணிக்கட்டைக் கீழே தொங்கவிடும், விரலடி மூட்டுகளை நிமிர்த்தும், விரல்களை மடக்கும். விரலடி மூட்டு நிமிர்ந்தே இருந்தால் அதன் பக்கவாட்டு நார்கள் தளர்ந்து குறுகிவிடும், பிறகு முஷ்டி மடங்காது. எனவே மணிக்கட்டு 20–30 டிகிரி மேல்நோக்கி, விரலடி மூட்டுகள் 70–90 டிகிரி மடங்கி, விரல்கள் நேராக, கட்டைவிரல் உள்ளங்கையிலிருந்து விலகி இருக்கவேண்டும். உள்ளங்கை வெந்திருந்தால் கணக்கு வேறு: விரல்களை விரித்து முழுக்க நீட்டி வைக்கவேண்டும்.

இந்த நிலையிலேயே கையைப் பிடித்துவைக்கும் கெட்டியான தாங்கிதான் ஸ்ப்ளிண்ட். அதைச் செய்ய தெர்மோபிளாஸ்டிக் (சூட்டில் இளகும் பிளாஸ்டிக்) தகடு கிடைத்தால் 65–75 டிகிரி வெந்நீரில் இளக்கி, துண்டால் ஒற்றி, முதலில் உங்கள் முன்கையில் வைத்துச் சூடு பாருங்கள். தகடு இல்லாத கிளினிக்கில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் போதும். விரல் நுனியிலிருந்து முன்கையின் மூன்றில் இரண்டு பங்கு வரை அளந்து, பெரியவர்களுக்கு 10 அடுக்கு, சிறு குழந்தைக்கு 6. காயத்துக்கு டிரெஸிங், விரலிடுக்குகளில் வாஸ்லின் காஸ் (வாஸ்லின் தடவிய வலைத்துணி), அதன்மேல் பஞ்சு, பிறகே பிளாஸ்டர், உள்ளங்கைப் பக்கமாக. சாதாரணத் தண்ணீரில்தான் நனைக்கவேண்டும். வெந்நீரில் நனைத்தால், அல்லது அடுக்கு அதிகமானால், பிளாஸ்டர் இறுகும்போது சூடேறித் தோலையே சுடும்.

க்ரேப் பேண்டேஜை விரல்களிலிருந்து மேல்நோக்கி, எட்டு வடிவில் சுற்றுங்கள். விரல் நுனி வெளியே தெரியட்டும். முதல் 2–3 நாள் வீக்கம் ஏறுமென்பதால் வெல்க்ரோ பட்டை வேண்டாம். நகத்தை அழுத்திவிட்டால் 2 விநாடிக்குள் நிறம் திரும்பவேண்டும். விரல் மரத்தாலோ நீலம் பூத்தாலோ உடனே அவிழுங்கள்.

அடிக்கடி நடக்கும் கோளாறு ஸ்ப்ளிண்ட் நழுவுவது. 2 சென்டிமீட்டர் விரல் பக்கம் இறங்கினால் போதும், விரலடி மூட்டுக்கான வளைவு விரலின் நடுமூட்டை நோக்கி நகர்ந்துவிடும். பார்வைக்குக் கட்டு அழகாகத்தான் இருக்கும், உள்ளே விரல் தவறான இடத்தில் மடங்கும். ஸ்ப்ளிண்டின் மேல்விளிம்பு எங்கே முடிகிறதோ அங்கே முன்கையில், நல்ல தோலாக இருந்தால், பேனாவால் கோடு போட்டு ஒவ்வொரு முறையும் சரிபாருங்கள். கழற்றியபின் சிவப்பு 20–30 நிமிடத்தில் மறையவில்லையென்றால் அந்த இடம் அழுத்துகிறது, திருத்தவேண்டும். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர வெயிலில் காருக்குள் விட்டுவைத்த தெர்மோபிளாஸ்டிக் ஸ்ப்ளிண்ட் இளகிக் கோணிவிடும், ஜாக்கிரதை.

ஸ்ப்ளிண்ட் மட்டும் போட்டுச் சும்மா இருந்தாலும் மூட்டு இறுகும். பகலில் 2–3 மணிநேரத்துக்கு ஒருமுறை கழற்றி அசைக்கவேண்டும். வலி மாத்திரை கொடுத்து அரைமணி கழித்து, தழும்பு வெளிறும்வரை மெதுவாக நீட்டி, 30 விநாடி நிறுத்தவும். வெடுக்கென்று இழுத்தால் தோல் கிழியும். முழங்கையை முரட்டுத்தனமாக வளைத்தால் மூட்டைச் சுற்றி எலும்பே வளரக்கூடும். புறங்கையில் விரல் நடுமூட்டின் மேல் ஆழமாக வெந்திருந்தால் முஷ்டி மடக்கவே கூடாது, தெரபிஸ்ட் அனுமதிக்கும்வரை. அங்கே தசைநார் அறுந்தால் விரல் நிமிராது. தோல் ஒட்டு வைத்திருந்தால் பொதுவாக 3–5 நாள் அசைவு இல்லை. சர்ஜன் சொல்வதே முடிவு.

காயம் மூடியதும் பலர் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். தழும்பு மும்முரமாக இழுப்பது அதற்குப் பிறகுதான். இரவு ஸ்ப்ளிண்ட் தொடரட்டும். வாசனையில்லாத அக்குவஸ் கிரீம் தடவி, தோல் வெளிறும் அளவுக்கு அழுத்தி, வட்டமாக 5–10 நிமிடம், நாளுக்கு மூன்று முறை தேய்க்கவும். பிரஷர் உடை (தழும்பை அழுத்திப் பிடிக்கும் இறுக்கமான உடை) கொடுத்திருந்தால் நாளுக்கு 23 மணிநேரம் போடவேண்டும். கிரீமைத் துடைத்தபின்தான் அணியவேண்டும், இல்லாவிட்டால் எலாஸ்டிக் கெடும். டர்பனின் பிப்ரவரிப் புழுக்கத்தில் வேர்த்துக் கொட்டும், அரிக்கும். இரண்டு செட் வைத்துக்கொண்டு தினமும் மாற்றி, நிழலில் உலர்த்துங்கள். புதுத் தழும்பில் வெயில் படக்கூடாது.

இது 12 முதல் 18 மாத வேலை, சிலருக்கு 2 வருடம். சிவப்பு வெளுத்து, தழும்பு தட்டையாகி மிருதுவான பிறகு, தெரபிஸ்டிடம் கேட்டு ஓர் இரவு ஸ்ப்ளிண்ட் இல்லாமல் பாருங்கள். காலையில் மூட்டு முந்தைய நாள் அளவுக்கு நீளவில்லையென்றால் மறுபடி போடவேண்டும். குழந்தைகளுக்கு இதோடு முடியாது: எலும்பு வளரும் வேகத்துக்குத் தழும்பு ஈடுகொடுக்காது, ஆகவே வளர்ச்சி நிற்கும்வரை அவ்வப்போது மூட்டை அளந்து பார்க்கவேண்டும்.